பைலட் செக் வால்வ்: கால் இறங்கினா, லோட் குதிச்சா, திறக்காம நிண்டா எங்க பாக்கிறது

பூம் ட்ரக் சாயாம நிலத்தில ஊண்டுற கால் நிண்ட இடத்தில நிக்குதில்லை எண்டா எங்கட திருகோணமலைப் பக்கம் முதல்ல நடக்கிறது என்னெண்டா, லொக் வால்வ், அதான் இந்தப் பைலட் செக் வால்வ், பழுதாப் போட்டுது எண்டு முடிவெடுத்து, அதைக் கழட்டி, கொழும்புக்குப் போற ஆரிட்டயாவது சாம்பிளாக் குடுத்து விட்டு, பஞ்சிகாவத்தையில தேடி ஒண்டு எடுப்பிச்சுப் பூட்டுறது. பூட்டினாப் பிறகும் அதே கதை. பிறகு சாமான் டூப்பிளிக்கேட் எண்டு கடைக்காரனுக்குப் பேச்சு. சாமான் நல்லதாத்தான் இருக்கும், பிழை முக்கால்வாசி வால்வுக்கு வெளியில கிடக்கும். இந்த வால்வ் தன்ர பாட்டில ஒண்டும் செய்யாது, பைலட் லைன், அதாவது திறக்கச் சொல்லிப் பிரஷர் கொண்டு வாற லைன், சொல்லுறதைத்தான் செய்யும், அந்த லைன்ல பிரஷர் செத்தா மூடும், கொஞ்சம் உயிரோட நிண்டாலும் முழுசா மூடாது. அதால கீழ பைலட் லைன், பைலட் லைன் எண்டு திரும்பத் திரும்ப வந்தா கோவிக்காதேங்கோ.

முதல்ல வேலை செய்யிற விதம், சுருக்கமா. உள்ளுக்கு ஒரு சீட், அதில வந்து இருக்கிற கோன் இல்லாட்டி உருண்டை, பின்னால ஒரு ஸ்பிரிங். பம்ப் பக்கத்தால தள்ளினா கோன் எழும்பி ஒயில் சிலிண்டருக்குப் போகும், திரும்பி வர ஏலாது, லோட் எவ்வளவு பாரமோ அவ்வளவு இறுக்கிக் கோனைச் சீட்டில அமத்தும். மோட்டார் சைக்கிள் டியூப் வால்வ் மாதிரித்தான், காத்து அடிச்சா உள்ள போகும், வெளிய விடோணும் எண்டா நடுவில இருக்கிற ஊசியை அமத்தோணும். இஞ்ச ஊசியை அமத்துறது பைலட் பிஸ்டன். மூண்டாவது போர்ட்டால பிரஷர் வந்து அந்தப் பிஸ்டனைத் தள்ள, அது கோனைத் தள்ளித் திறக்கும். பிஸ்டன்ர பரப்பு சீட்டின்ர பரப்பை விடப் பெருசு, 3 மடங்கு, 4 மடங்கு, சிலதில 10 மடங்கு வரைக்கும் இருக்கும், இதைத்தான் பைலட் ரேஷியோ எண்டுறது. 4க்கு 1 எண்டா 100 பார்ல பூட்டின லோடைத் திறக்கச் சும்மா கணக்குக்கு 25 பார் போதும்.

பைலட் லைனைப் பெரும்பாலும் சிலிண்டரின்ர மற்றப் பக்க லைன்ல இருந்துதான் எடுத்திருப்பாங்க. கால் தூக்குற பக்கம் லெவரை இழுத்தா, தூக்குறதுக்குப் போற ஒயிலே இறக்கின பக்கத்து லொக்கையும் திறக்கும். ரெண்டு பக்கமும் லொக் வேணும் எண்டா ஒரே புளொக்குக்குள்ள ரெண்டு செக், ஒண்டுக்கொண்டு குறுக்கால பைலட்.

கை வைக்க முதல் ஒண்டு. இந்த வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையில இருக்கிற ஒயில் எஞ்சினை நிப்பாட்டினாலும் பிரஷரோடதான் இருக்கும், லெவரை எத்தினை தரம் ஆட்டினாலும் அது வெளிய வராது, வராம இருக்கத்தானே வால்வே பூட்டியிருக்கு. அந்த இடத்து நட்டை இளக்கினா லோட் விழும், இல்லாட்டி ஒயில் ஊசி மாதிரிப் பாயும். முதல்ல லோடை நிலத்தில இருத்துங்கோ, ஏலாட்டி நல்ல பலமான முட்டுக் குடுங்கோ, தென்னங்குத்தி இல்லை, ஸ்ரான்ட். கசிவு தேட கையால தடவிப் பாக்காதேங்கோ, காட்போட் துண்டைப் பிடியுங்கோ. தோலுக்குள்ள ஒயில் ஏறினா ஊசி குத்தின அளவுக்குத்தான் காயம் தெரியும், நோவும் முதல்ல பெருசா இராது, ஆனா உடன பெரியாஸ்பத்திரிக்கு ஓடோணும், ஹைட்ரோலிக் ஒயில் பிரஷரோட ஏறினது எண்டு டொக்டருக்குச் சொல்லோணும், விடிய பாப்பம் எண்டு இருந்தா விரலே போகும்.

லெவரை விட்டாப் பிறகும் மெல்ல மெல்ல இறங்குது

வாற பிழையில கூடுதலா வாறது இதுதான், அதால இதில கொஞ்சம் நிண்டு பாப்பம்.

ஸ்பனரை எடுக்க முதல், எப்ப இறங்குது எண்டு கேளுங்கோ. பகல் முழுக்க வேலை செய்து ஒயில் கொதிச்சு, கச்சான் காத்தில ஜெட்டி கொங்கிறீட்டும் கொதிச்சு, அப்பிடியே கால் ஊண்டி விட்டுட்டுப் போனா, ராவில ஒயில் குளிரும், குளிர்ந்தா சுருங்கும். ஹைட்ரோலிக் ஒயில் ஒரு டிகிரிக்கு கிட்டத்தட்ட 0.07 வீதம் சுருங்கும். சிலிண்டருக்குள்ள 500 மில்லிமீட்டர் உயரத்துக்கு ஒயில் நிக்குது, 20 டிகிரி குளிர்ந்துது எண்டா 7 மில்லிமீட்டர் அளவுக்குக் கால் உள்ள போகும். ஒரு சொட்டும் எங்கயும் கசியேல்லை, வால்வும் சீலும் தங்கம். இதைப் பிடிக்கிறது லேசு, பின்னேரம் சிலிண்டர் ராட்டில மார்க்கர் பேனாவால ஒரு கோடு போடுங்கோ, காலமை பாருங்கோ, பிறகு மத்தியானமும் பாருங்கோ. மத்தியானம் கோடு திரும்பி வெளிய வந்திருந்தா அது வெக்கையின்ர வேலை. கசிவு எண்டா போனது போனதுதான், வெயில் வந்தாலும் திரும்பி வராது.

வெக்கை இல்லை எண்டு தெரிஞ்சாப் பிறகு பைலட் லைன். அந்த லைன்ல டீ ஃபிட்டிங் ஒண்டு போட்டு பிரஷர் கேஜ் ஒண்டைப் பூட்டுங்கோ. லோடைத் தூக்கி, லெவரை இறக்கிற பக்கம் கொஞ்சம் இழுத்து, நடுவுக்கு விட்டு, முள்ளைப் பாருங்கோ. முள்ளு விழுந்து பூச்சியத்துக்குக் கிட்ட வந்து நிக்கோணும், அதுவும் உடன. 15இல, 20இல தொங்கிக்கொண்டு பிறகு மெல்ல மெல்ல வழுகுது எண்டா கள்ளனைப் பிடிச்சாச்சு. லோட் 60 பார், ரேஷியோ 4க்கு 1 எண்டா 15 பார் தங்கினாலே கோனைத் தூக்கப் போதும், முழுசாத் திறக்கத் தேவையில்லை, மயிரளவு எழும்பினாலே கால் இறங்கத் தொடங்கும்.

ஏன் தொங்குது? டைரக்சன் வால்வின்ர, அதாவது ஒயிலை எந்தப் பக்கம் அனுப்புறது எண்டு மாத்திற வால்வின்ர, நடு நிலை பிழை. பைலட் செக் போட்ட லைனுக்கு நடு நிலையில ரெண்டு சிலிண்டர் லைனும் டாங்கிக்குத் திறந்து பம்ப் லைன் மட்டும் மூடி இருக்கிற ஸ்பூல் (வால்வுக்குள்ள வழுகிற தண்டு) வேணும், அப்பத்தான் லெவரை விட்டவுடன பைலட் பிரஷர் டாங்கிக்கு ஓடும். எல்லா லைனும் மூடுற ஸ்பூல் கிடந்தா பிரஷர் பைலட் லைனுக்குள்ளயே அடைபட்டுப் போகும், அதோட ஸ்பூல் எண்டுறது எப்பவும் கொஞ்சம் கசியிற சாமான், பம்ப் பக்கத்தில இருந்து மெல்லக் கசிஞ்சு புதுசாவும் பிரஷர் ஏத்தும். இது எப்பிடி வாறது எண்டா, சொலினொயிட் வால்வ், அதாவது கரண்டால ஆடுற டைரக்சன் வால்வ், எரிஞ்சு போக ஆரோ ஒராள் அதே சைஸில ஒண்டு எடுத்துப் பூட்டியிருப்பார். அதே நாலு போல்ட், அதே 24 வோல்ட் கொயில், எல்லாம் பொருந்தும். பிளேட்ல கீறியிருக்கிற படத்தில மூண்டு பெட்டி இருக்கு பாருங்கோ, நடுப் பெட்டி மட்டும் பழசில இருந்து வேற. பழைய வால்வை எறிஞ்சிருந்தா பிறகு ஆராய ஒண்டும் இல்லை, அதால எரிஞ்ச வால்வை எறியாதேங்கோ, ஒரு படம் எண்டாலும் எடுத்து வையுங்கோ. முந்தி நல்லா நிண்டது, சொலினொயிட் மாத்தினாப் பிறகுதான் இறங்குது எண்டு ட்ரைவர் சொன்னா வேற எங்கயும் தேட வேண்டாம்.

தனி டிரெயின் போர்ட் வச்ச வகை வால்வ் எண்டா இன்னொண்டு சேருது. சாதாரண வகையில டாங்கிக்குத் திரும்பிற லைன்ல தங்கிற பின்பிரஷர் பைலட் பிஸ்டன்ர ரெண்டு பக்கமும் வரும், ஒண்டை ஒண்டு வெட்டிப் போடும். டிரெயின் வகையில பிஸ்டன்ர பின்பக்கம் தனியாப் போகுது, அதால ரிட்டர்ன் ஃபில்டர் அடைபட்டு டாங்கி லைன்ல 10, 15 பார் நிண்டா அது முழுசும் பிஸ்டனைத் தள்ளும். மற்ற லெவரை ஆட்டேக்க மட்டும் கால் இறங்குது எண்டு வந்தா இதைப் பாருங்கோ.

பைலட் லைன் சுத்தமாச் செத்துப் போகுது, அப்பவும் இறங்குதோ? இப்ப வால்வைப் பாக்கலாம். கையால திறக்கிற அவசர ஸ்குரூ இருக்கிற வகை எண்டா அது முழுசா இறுகியிருக்கோ எண்டு முதல்ல பாருங்கோ, கரண்ட் நிண்ட நேரம் ஆரோ இளக்கி இறக்கியிருப்பாங்க, அரைச் சுத்து மிச்சம் விட்டிருப்பாங்க.

பிறகு சொட்டுப் பரிசோதனை. லோடைக் கொஞ்சமாத் தூக்கி, அடியில முட்டு, முட்டுக்கும் லோடுக்கும் இடையில விரலளவு இடைவெளி, எஞ்சின் ஓஃப், லெவரை ரெண்டு பக்கமும் ஆட்டி லைன் பிரஷரை விடுங்கோ. இப்ப வால்வின்ர பம்ப் பக்க ஹோஸை, திரும்பச் சொல்லுறன், பம்ப் பக்கத்தை, சிலிண்டர் பக்கத்தை இல்லை, மெல்லக் கழட்டி வால்வ் வாயைப் பாருங்கோ. ஹோஸில நிண்டது வடிஞ்சு முடிஞ்சாப் பிறகும் வால்வ் வாயில இருந்து சொட்டுது எண்டா சீட் கசியுது, இல்லாட்டி கார்ட்ரிஜ்ஜுக்கு, அதாவது புளொக்குக்குள்ள திருகிப் பூட்டுற வால்வ் உடம்புக்கு, வெளிச் சுத்தில இருக்கிற ஓ ரிங் வெட்டுப்பட்டு அதைச் சுத்தி ஒயில் வருது. சொட்டேல்லை, ஆனா லோட் இறங்குது எண்டா வால்வை விடுங்கோ, பிஸ்டன் சீல்.

சீட் எண்டு தெரிஞ்சா கார்ட்ரிஜ்ஜைக் கழட்டி கோனைத் துணியால துடைச்சு ஃபோன் கமராவில பெருசாக்கிப் பாருங்கோ. கோனைச் சுத்தி மெல்லிசா ஒரு பளபளப்பான வளையம் தெரியும், சீட் பட்ட தடம். அந்த வளையம் முழுசா, ஒரே அகலமா இருந்தா நல்லது. எங்கயாவது ஒரு இடத்தில அறுந்திருந்தா, இல்லாட்டி குறுக்கால நகத்தால கீறின மாதிரி ஒரு கோடு ஓடினா ஒயில் அதாலதான் போகுது. இரும்புத் தூள், ஹோஸ் கிரிம்ப் பண்ணேக்க உதிர்ந்த ரப்பர் துண்டு, த்ரெட்ல சுத்தின டெஃப்லோன் டேப்பின்ர நூல், இதுகள்தான் வழமையான ஆக்கள். டேப் நூல் எண்டா எடுத்துப்போட்டா சரி. கோடு விழுந்திருந்தா மாத்துங்கோ. கிரைண்டிங் பேஸ்ட் போட்டுத் தேய்க்கிற பழக்கம் கராச்சுகளில இருக்கு, எஞ்சின் வால்வுக்கு அது சரி, இதுக்கு நான் வேண்டாம் எண்டுதான் சொல்லுவன், பேஸ்ட் மிச்சம் உள்ளுக்கு நிண்டா பம்பையும் சேத்துத் திண்டுடும். பூட்டேக்க இழுத்து இறுக்காதேங்கோ, கார்ட்ரிஜ் உடம்பு நெளிஞ்சா பைலட் பிஸ்டன் உள்ளுக்கு இறுகும், பிறகு திறந்தா மூடாது, மூடினாத் திறக்காது, அந்த மொடலுக்குச் சொன்ன டோர்க் அளவுக்கு டோர்க் ரெஞ்சால இறுக்குங்கோ.

பிஸ்டன் சீல் விஷயத்தில ரெண்டு பக்கமும் லொக் போட்ட சிலிண்டர் ஒரு பொல்லாத விளையாட்டு விளையாடும். ஒரு பக்கம் மட்டும் லொக் எண்டா சீல் கசிஞ்ச ஒயில் மற்றப் பக்கத்தால டாங்கிக்குப் போகும், கால் இறங்கும், கண்ணுக்குத் தெரியும். ரெண்டு பக்கமும் லொக் எண்டா போக வழி இல்லை. ஊண்டின கால் கொஞ்சம் இறங்கி நிண்டிடும், ட்ரைவர் சரியாப் போச்சு எண்டு நினைப்பார். உள்ளுக்கு என்ன நடக்குது எண்டா பிஸ்டன்ர ரெண்டு பக்கமும் பிரஷர் சமனாகி, இப்ப லோடைத் தாங்குறது ராட்டின்ர குறுக்குப் பரப்பு மட்டும்தான். சிலிண்டர் உள்விட்டம் 100 மில்லிமீட்டர், ராட் 70 மில்லிமீட்டர் எண்டா பரப்பு பாதிக்குக் கொஞ்சம் குறைவு, அப்ப 100 பார் நிண்ட இடத்தில 200 பாருக்கு மேல. அந்த ராட் பக்க ஹோஸ் அவ்வளவு பிரஷருக்குப் போட்டதோ எண்டு ஆருக்குத் தெரியும். சும்மா நிக்கேக்க ராட் பக்க கேஜ் ஏறுது எண்டா சீலை மாத்துங்கோ. கொட்பே துறைமுகப் பக்கம், உள்துறைமுக ஜெட்டிகளில நிக்கிற மெசினுகளில சீலை மாத்த முதல் ராட்டைப் பாருங்கோ, உப்புக் காத்துக்கு குரோம் புள்ளி புள்ளியா அரிச்சு முள்ளு மாதிரி நிக்கும், விரல் நகத்தை ஓட்டினாத் தட்டும். அதோட புதுச் சீல் போட்டா நிண்டு பிடிக்காது. ஒயில் பால் கலந்த தேத்தண்ணி நிறத்தில இருந்தா தண்ணி கலந்திருக்கு, அதை வச்சுக்கொண்டு வால்வ் மாத்துறது காசுக்குப் பிடிச்ச கேடு, முதல்ல ஒயிலையும் ஃபில்டரையும் மாத்துங்கோ.

இறக்கப் பாத்தா அசையுதே இல்லை

லெவரை இழுக்க எஞ்சின் முக்குது, லோட் அப்பிடியே நிக்குது. பைலட் போதேல்லை, இல்லாட்டி பைலட் வரவே இல்லை.

தம்பலகாமம், கந்தளாய்ப் பக்கம் வயல் வேலைக்குப் போற ட்ரக்டர், டிரெய்லர் எண்டா முதல்ல குயிக் கப்லரைத் தட்டிப் பாருங்கோ. அது அரைவாசி ஏறி நிண்டா தூக்கேக்க ஒயில் எப்பிடியோ போய்ச் சேரும், இறக்கேக்க மற்றப் பக்க லைன் அடைபட்டிருந்தா பைலட்டும் இல்லை, ஒயில் திரும்பி வர வழியும் இல்லை. சேறும் வைக்கோல் தூசும் கப்லருக்குள்ள இறுகிக் கிடந்தாலும் இதே கூத்துத்தான். இதுக்கு ஸ்பனரே தேவையில்லை.

கப்லர் சரி எண்டா பைலட் போர்ட்ல கேஜ். பிரஷரே வரேல்லை எண்டா நசுங்கின பைப், அடைபட்ட ஒரிஃபிஸ் (சின்னத் துளை), மறந்து போய் விட்ட பிளாஸ்டிக் அடைப்பு. பிரஷர் நல்லா வருது, ஆனாத் திறக்குதில்லை எண்டா கணக்குப் பாக்கோணும், இந்தக் கணக்கைப் பாக்காமத்தான் நல்ல வால்வுகள் பழைய இரும்புக்குப் போகுது.

சாதாரண வகையில பம்ப் பக்க போர்ட்ல நிக்கிற பின்பிரஷர் பைலட் பிஸ்டனை எதிர்ப் பக்கம் தள்ளும். லோட் 90 பார், ரேஷியோ 3க்கு 1, பின்பிரஷர் இல்லை எண்டா 30 பார் பைலட் போதும். அதே இடத்தில பின்பிரஷர் 30 பார் நிண்டா, 90இல 30ஐக் கழிச்சு 60, அதை 3ஆல பிரிச்சா 20, அதோட எதிர்த்துத் தள்ளுற 30ஐயும் கூட்டினா 50 பார் வேணும். ரிட்டர்ன் ஃபில்டர் அடைப்பு, ஒடுங்கின ஹோஸ், இதை விட முக்கியமா வேகத்தைக் குறைக்கப் போட்ட த்ரொட்டில். த்ரொட்டில் எங்க கிடக்கு எண்டு பாருங்கோ. செக் வால்வுக்கும் டைரக்சன் வால்வுக்கும் நடுவில இருந்தா அது பிடிச்சு வைக்கிற பிரஷர் முழுக்க செக்கின்ர பம்ப் போர்ட்ல தான் நிக்கும். அதைச் சிலிண்டருக்கும் செக்குக்கும் நடுவில மாத்துங்கோ. ஒண்டுக்கு மேல ஒண்டு அடுக்கிப் பூட்டுற மொடியூலர் வால்வுகளில எண்டா த்ரொட்டில் சிலிண்டர் பக்கம், அதாவது அடித்தட்டுக்குக் கிட்ட வரோணும், செக் அதுக்கு மேல. இடம் மாத்த ஏலாட்டி டிரெயின் போர்ட் வச்ச வகை வால்வுக்கு மாறுங்கோ.

அடுத்தது எந்தப் பக்கம் லொக் பண்ணியிருக்கு எண்டுறது. சிலிண்டர் பரப்பு 2க்கு 1, அதாவது கீழ்ப் பக்கப் பரப்பு ராட் பக்கத்தில ரெண்டு மடங்கு, லோடால வாற பிரஷர் 100 பார் எண்டு வையுங்கோ. கீழ்ப் பக்கத்தை லொக் பண்ணி ராட் பக்கத்தால பைலட் எடுத்தா, 3க்கு 1 வால்வைத் திறக்க 40 பார் போதும். லோட் ராட்டில தொங்குது, ராட் பக்கம் லொக், கீழ்ப் பக்கத்தால பைலட் எண்டா கதை வேற. பைலட்டுக்கு நீங்க ஏத்துற ஒவ்வொரு பாரும் பெரிய பரப்பில தள்ளி ராட் பக்கத்தில 2 பாரைக் கூட்டும். 3க்கு 1 வால்வுக்கு 100 பார் வேணும், 4க்கு 1 எண்டா 50. வால்வ் ரேஷியோ 2 எண்டா? நீங்க எவ்வளவு ஏத்தினாலும் பூட்டும் அதே வேகத்தில இறுகிக்கொண்டு போகும், ஹோஸ் வெடிச்சாலும் வால்வ் திறக்காது. வால்வின்ர ரேஷியோ சிலிண்டர் பரப்பு விகிதத்தை விட நல்லாக் கூடுதலா இருக்கோணும். ஒரிஜினல் 4க்கு 1 கிடந்த இடத்தில பாவிச்ச சாமான் 3க்கு 1 வந்து பூட்டுப்பட்டா, வெறுமையா ஓடேக்க எல்லாம் சரி, லோட் ஏத்தினவுடன மாட்டுப்படும்.

காலமை நல்லா வேலை செய்யுது, மத்தியானம் வெயிலுக்க நிண்டாப் பிறகு திறக்குதில்லை எண்டா அதுவும் வெக்கைதான், ஆனா மற்றப் பக்கம். சிலிண்டர் அசைய இடம் இல்லாம முட்டி நிக்கேக்க, மடிச்சு வச்ச கால், இறுக்கின கிளாம்ப் மாதிரி, லொக் பண்ணின ஒயில் சூடேற விரிய இடம் இல்லை. ஒரு டிகிரிக்குக் கிட்டத்தட்ட 10 பார் ஏறும், ஹோஸ் கொஞ்சம் விரிஞ்சு குடுக்கும் எண்டதால அவ்வளவுக்கு வராது, எண்டாலும் 30 டிகிரி ஏறினா சின்ன விஷயம் இல்லை. உள்ளுக்கு 300 பார் நிண்டா 3க்கு 1 வால்வுக்கு 100 பார் பைலட் வேணும், அந்த லைனின்ர ரிலீஃப், அதாவது பிரஷர் கூடினா திறந்து விடுற வால்வ், 80இல வச்சிருந்தா எப்பிடித் திறக்கும்? ஈரச் சாக்குப் போட்டு நிழலில விட்டா தானாத் திறக்கும், அது அண்டைக்குப் பிழைக்க. நிரந்தரமா எண்டா சிலிண்டருக்கும் செக்குக்கும் இடையில சின்னத் தேர்மல் ரிலீஃப் வால்வ் ஒண்டு போடோணும். ரிலீஃப் 80இல இருக்கிறதுக்குக் காரணம் இருக்கும், அதைக் கூட்டுறது வழி இல்லை.

குதிச்சுக் குதிச்சு இறங்குது, மெசின் முழுக்க நடுங்குது

டக் டக் டக் எண்டு. பாரமான லோட், புவியீர்ப்பு இழுக்குது, செக் திறந்தவுடன லோட் பம்ப் குடுக்கிறதை விட வேகமா ஓடும். ஓடினா மற்றப் பக்கம் ஒயில் காணாமப் போகும், அந்தப் பக்கத்தில இருந்துதானே பைலட், பைலட் விழும், செக் படார் எண்டு மூடும், லோட் பிடிபட்டு நிக்கும், திரும்பப் பிரஷர் ஏறும், திரும்பத் திறக்கும். வால்வ் பழுது இல்லை, தனக்குச் சொன்ன வேலையை ஒழுங்காச் செய்யுது, வேலைதான் பிழையான ஆளுக்குக் குடுபட்டிருக்கு. சிலிண்டருக்கும் செக்குக்கும் நடுவில த்ரொட்டில் போட்டு வேகத்தைப் பிடிச்சா சின்ன லோடுக்குச் சரிவரும். லோட் மாறி மாறி வாற பூம் மாதிரி இடம் எண்டா கவுன்டர்பலன்ஸ் வால்வ் தான் போடோணும், அது இறங்கிற வேகத்துக்கேத்த மாதிரி தன்னைத் திறந்து மூடிப் பிடிச்சுக்கொண்டு போகும். பைலட் செக் பிடிச்சு வைக்கிறதுக்கு, ஓடுற லோடை இறக்கிறதுக்கு இல்லை. இந்த நடுக்கத்தோட பழகி ஓடிக்கொண்டே இருக்கிற மெசினுகள் இருக்கு, பின் புஷ் தேஞ்சு, வெல்டிங் வெடிச்சு, பிறகு வால்வ் மாத்துற காசை விடப் பத்து மடங்கு போகும்.

நடுக்கம் முந்தி இல்லை, இப்பத்தான் தொடங்கினது எண்டா டாங்கி ஒயில் மட்டத்தைப் பாருங்கோ, நுரை இருக்கோ எண்டும் பாருங்கோ. காத்துக் கலந்த ஒயில்ல பைலட் நிலையா நிக்காது.

திறக்கேக்க ஒரே ஒரு அடி, டமார்

பிரெஸ் மாதிரி பெரிய சிலிண்டர், கூடின பிரஷர், நிறைய ஒயில். 100 பாருக்கு ஒயில் 0.7 வீதம் அளவுக்கு அமுங்கும், அந்த அமுங்கினது எல்லாம் ஒரேயடியா வெளிய பாய்ஞ்சா பைப் குதிக்கத்தான் செய்யும். முதல்ல சின்னக் கோன் திறந்து பிரஷரை விட்டு, பிறகு பெரிய கோன் திறக்கிற டீகம்பிரஷன் வகை இருக்கு, அதைப் போடுங்கோ. முந்தி அது தான் கிடந்தது எண்டா உள்ளுக்கு அந்தச் சின்னக் கோன் இறுகிப் போயிருக்கும். பைலட் லைன்ல சின்ன ஒரிஃபிஸ் போட்டும் மெல்லத் திறக்க வைக்கலாம், ஆனா மூடுறதும் பிந்தும், ஊத்தை ஒயிலுக்கு அடைபடவும் செய்யும், எனக்கு அது அவ்வளவு விருப்பம் இல்லை.

தூக்குறது பிந்துது

இதுக்கு பைலட் செக்கைச் சந்தேகப்படாதேங்கோ. தூக்கேக்க அது சும்மா ஒரு செக் வால்வ், அதின்ர ஸ்பிரிங்குக்குச் சில பார் போகும், அவ்வளவுதான். பம்ப், ரிலீஃப், சக்சன் ஃபில்டர் எண்டு மற்ற இடத்தைப் பாருங்கோ. வால்வை மாத்திப் பூட்டினாப் பிறகு தூக்கவே இல்லை எண்டா மட்டும் போர்ட் ரெண்டும் மாறுப்பட்டிருக்கோ எண்டு அம்புக்குறியைப் பாருங்கோ.

காத்தில ஓடுற வேலை எண்டா

சீனன்குடாப் பக்க ஆலைகளில, தண்ணிப் போத்தல் அடைக்கிற இடங்களில காத்துச் சிலிண்டருகளிலயும் இதே வால்வ் இருக்கும், கரண்ட் நிண்டா, ஹோஸ் கழண்டா சிலிண்டர் விழாம நிக்க. தத்துவம் ஒண்டுதான், நடு நிலையும் ஒண்டுதான், 5/3 வால்வ் (5 போர்ட், 3 நிலை) எண்டா நடுவில எக்ஸ்ஹோஸ்ட் திறக்கிறது வேணும், மூடுறது கூடாது. ஆனா காத்து அமுங்கிற சாமான். சிலிண்டர் நடுவில நிக்கேக்க மேல பாரம் வச்சா ஒரு கசிவும் இல்லாமலே இறங்கும், அதை வால்வ் பழுது எண்டு எழுதிப்போடாதேங்கோ. பாரம் கூட்டாம, குறைக்காம விட்டும் நகருது எண்டாத்தான் கசிவு. சவர்க்காரத் தண்ணியை வால்வுக்கும் சிலிண்டருக்கும் இடையில இருக்கிற ஒவ்வொரு ஃபிட்டிங்குக்கும் பூசுங்கோ, வால்வுக்கு அங்கால, காத்து வாற பக்கம் கசிஞ்சாப் பறுவாயில்லை, சிலிண்டர் பக்கம் ஒரு குமிழி வந்தாலும் சிலிண்டர் நிக்காது. அதுக்காகத்தான் இதைச் சிலிண்டர் போர்ட்லயே நேராப் பூட்டுறது, ரெண்டு மீட்டர் குழாய்க்கு அங்கால போட்டா அர்த்தமே இல்லை. ஃபிட்டிங் எல்லாம் சுத்தம், அப்பவும் நகருது எண்டா பிஸ்டன் சீலைத் தேடுங்கோ.

திறக்க மாட்டன் எண்டு நிண்டா தண்ணி. எங்கட கடற்கரை ஈரத்துக்கு கொம்பிரசர் டாங்கியில தண்ணி நிறையச் சேரும், அது லைனுக்குள்ள போய் பைலட் பிஸ்டனைக் கறள் பிடிக்க வைக்கும். டாங்கித் தண்ணியை ஒவ்வொரு நாளும் திறந்து விடுங்கோ.

நிப்பாட்டி திரும்பத் தொடங்கேக்க சிலிண்டர் பாய்ஞ்சு அடிக்குது எண்டா ஒரு பக்கம் காத்து பூட்டுப்பட்டு நிக்குது, மற்றப் பக்கம் வெறுமையா இருக்கு, எதிர்க்க ஆள் இல்லை. முதல்ல வெறுமையான பக்கத்தை நிரப்புற மாதிரி, காத்தை மெல்ல விடுற சொஃப்ட் ஸ்டார்ட் போடோணும். மெயின் காத்தை மூடி, கேஜ் பூச்சியம் காட்டினாலும் பூட்டுப்பட்ட காத்து சிலிண்டருக்குள்ள இருக்கு, கையை விட முதல் வால்வில இருக்கிற அமத்திற பொத்தானால வெளிய விடுங்கோ, பொத்தான் இல்லாத மொடல் எண்டா அடுத்த முறை பொத்தான் இருக்கிறதை வாங்குங்கோ.

கடைசியா வாங்கிற விஷயம். சாம்பிளை மட்டும் குடுத்து விடாதேங்கோ, த்ரெட்டும் உயரமும் சரியா வரும், உள்ளுக்கு இருக்கிறது வேறயா வரும். ஒரு கடதாசியில எழுதி விடுங்கோ: பைலட் ரேஷியோ, தாங்க வேண்டிய கூடின பிரஷர், ஒரு நிமிசத்துக்கு எத்தினை லீட்டர், டிரெயின் போர்ட் இருக்கோ இல்லையோ, டீகம்பிரஷன் வேணுமோ, சீல் எந்த ரப்பர். இறக்கேக்க சிலிண்டரின்ர கீழ்ப் பக்கத்தில இருந்து வெளிய வாற ஒயில் 2க்கு 1 பரப்பு எண்டா பம்ப் குடுக்கிறதில ரெண்டு மடங்கு, லீட்டர் கணக்கை அதுக்குப் பாத்து எழுதுங்கோ, பம்ப் பிளேட்ல இருக்கிறதை அப்பிடியே எழுதினா சின்ன வால்வ் தான் வரும்.